பிறர் வாயிற் பிறந்த சொல்லும் பிளேய்னின் தோல்வியும்

ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதிப் பதவியை மயிரிழையில் தவறவிட்டவர்களுள் ஜேம்ஸ் கில்லெஸ்பி பிளேய்னின் பெயர் முன்னணியில் வைத்து எண்ணப்படுவது. 1884 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4 ஆம் திகதி இடம்பெற்ற தேர்தலில், நியூயோர்க் மாநிலத்தில் அளிக்கப்பட்ட 11 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் 1,200 க்கும் குறைவான வாக்குகளால் அவர் பின்தங்கினார். அந்த ஒரு மாநிலம் கைநழுவிய காரணத்தால் ஜனாதிபதிப் பதவியும் கைநழுவிப் போயிற்று. அவரே வாய்தவறிப் பேசிய ஏதாவதொரு சொல் இதற்குக் காரணமாக இருந்திருந்தால், தன்வினை தன்னைச் சுட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காரணமெனக் கூறப்பட்டு வருவது, அவர் முன்னிலையில் வேறொருவர் உச்சரித்த மூன்று சொற்களே.

வேட்பாளர்களின் நாத்தவறுகளைப் பத்திரிகைகள் பெரிதாக்குவதும், அதனால் வெற்றியாளர் தோற்பதும் தோற்க வேண்டியவர் வெல்வதும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் கொண்டுவந்த நோய் என எண்ணுவோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. தந்திக் கம்பியும் அச்சு இயந்திரமும் மட்டுமே இருந்த காலத்திலும் அது நடந்தது. அதற்கு இரையானவர் எமது தொழிலிலிருந்தே அரசியலுக்குச் சென்றவர் என்பது இவ்வரலாற்றை எமக்கு மேலும் நெருக்கமாக்குகின்றது.

பிளேய்ன் 1830 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31 ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் வெஸ்ட் பிறவுண்ஸ்வில் என்ற சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர். தாயார் மரியா கில்லெஸ்பி, ஐரிஷ் வழிவந்த றோமன் கத்தோலிக்கர். மகன் தந்தையின் சபையில் வளர்ந்தார். தாயார் தமது மதத்திலேயே இறுதிவரை வாழ்ந்தார். தாய்வழி உறவினளான ஒரு பெண் கத்தோலிக்கத் துறவற சபையொன்றிற் சேர்ந்து, மதர் ஏஞ்சலா என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் மதிக்கப்பட்ட தலைமைக் கன்னியாஸ்திரியாக விளங்கினார். இந்தக் குடும்பப் பின்னணியை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. பிற்காலத்தில் இவரையே கத்தோலிக்க விரோதி என்று தெருத்தெருவாகத் துண்டுப்பிரசுரம் விநியோகித்தார்கள்.

பதினேழு வயதிலேயே கல்லூரிப் பட்டம் பெற்றுவிட்ட பிளேய்ன் சில காலம் ஆசிரியத் தொழில் பார்த்தார். கென்டக்கி மாநிலத்தில் ஓர் இராணுவப் பாடசாலையிலும் பின்னர் பிலடெல்பியாவில் கண்பார்வையற்றோருக்கான பாடசாலையிலும் கற்பித்தார். இடையில் மெயின் மாநிலத்தைச் சேர்ந்த ஹரியட் ஸ்டான்வுட் என்ற ஆசிரியையை மணந்தார். மனைவியின் ஊரோடு ஏற்பட்ட அந்தத் தொடர்பே அவரது வாழ்க்கையின் திசையை மாற்றியது. 1854 இல் மெயின் மாநிலத் தலைநகரான ஒகஸ்டாவிலிருந்து வெளிவந்த கெனெபெக் ஜேர்னல் என்ற பத்திரிகையின் பங்காளராகவும் ஆசிரியராகவும் அவர் அமர்ந்தார். அடிமை முறைக்கு எதிராகக் குடியரசுக் கட்சி உருவான ஆண்டும் அதுவே. கட்சியும் பத்திரிகையும் ஒன்றோடொன்று கைகோத்து நடந்த காலம் அது. ஆசிரிய தலையங்கம் எழுதிய கை விரைவிலேயே கட்சிப் பிரகடனங்களையும் எழுதியது. எந்தச் செய்தியை எங்கே வைத்தால் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அவர் அச்சுக்கூடத்திலேயே கற்றுக்கொண்டார்.

மாநில சட்டசபை உறுப்பினர், அதன் சபாநாயகர், 1863 முதல் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், 1869 முதல் 1875 வரை அதன் சபாநாயகர் என்று படிப்படியாக அவர் உயர்ந்தார். ஒரு முறை சந்தித்தவரின் பெயரையும் அவர் பிள்ளைகளின் பெயரையும் பல வருடங்களின் பின்னரும் மறவாது அழைக்கும் நினைவாற்றல் அவருக்கிருந்ததாகக் கூறுவர். அவரை விரும்பியவர்கள் வெறித்தனமாக விரும்பினார்கள். வெறுத்தவர்களும் அவ்வாறே.

வெறுத்தவர்களுள் தலையானவர் அவரது கட்சிக்குள்ளேயே இருந்தார். நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த ரொஸ்கோ கொங்ளிங் என்பவருடன் 1866 ஏப்ரலில் சபையில் ஏற்பட்ட வாய்த்தர்க்கத்தின்போது, பிளேய்ன் அவரது மிடுக்கான நடையை வான்கோழிச் சேவலின் நடைக்கு ஒப்பிட்டு எள்ளி நகையாடினார். சபை சிரித்தது. கேலிச்சித்திரக்காரர்கள் கொங்ளிங்கை அதன்பின் வான்கோழியாகவே வரையத் தொடங்கினார்கள். கொங்ளிங் தமது வாழ்நாளில் அதனை மன்னிக்கவேயில்லை. 1884 இல் பிளேய்னுக்காகப் பிரசாரம் செய்ய வருமாறு கேட்கப்பட்டபோது, தாம் குற்றவாளிகளுக்காக வாதாடும் சட்டத்தொழிலை விட்டுவிட்டதாகக் கூறி மறுத்துவிட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அவரது சொந்த மாவட்டமான ஒனெய்டா வழமைக்கு மாறாக அவ்வருடம் ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்ந்தது. பிளேய்னின் வாழ்வில் அவர் நாவே அவருக்குச் செய்த கேடு என்று ஒன்றைக் காட்ட வேண்டுமானால் நாம் இதனையே காட்டுவோம். பதினெட்டு வருடங்கள் கழித்து அதற்கான விலை அறவிடப்பட்டது.

இனி ரயில்வேக் கடிதங்களுக்கு வருவோம். அவற்றை விளங்கிக்கொள்ளாமல் 1884 ஐ விளங்கிக்கொள்ள முடியாது. சபாநாயகராக இருந்த காலத்தில் லிட்டில் ரொக் அன்ட் ஃபோர்ட் ஸ்மித் என்ற ரயில்வேக் கம்பனிக்கு அரசாங்கக் காணி கிடைப்பதற்கு அனுகூலமான தீர்மானமொன்றை அவர் சபையில் வழங்கினார். பின்னர் அதே கம்பனியின் கடன் பத்திரங்களைத் தமது நண்பர்களுக்கு விற்றுத் தரகு பெற்றார். பெறுமதி வீழ்ந்துபோன பத்திரங்களை யூனியன் பசுபிக் என்ற பெரிய ரயில்வேக் கம்பனி 64,000 டொலர் கொடுத்து வாங்கியதென்றும், அவை பிளேய்னின் பத்திரங்களே என்றும் 1876 இல் குற்றச்சாட்டு எழுந்தது. பொஸ்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் மலிகன் என்ற கணக்குப்பிள்ளை, பிளேய்ன் தமது முன்னாள் எஜமானுக்கு எழுதிய கடிதங்களுடன் விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொல்ல வாஷிங்டனுக்கு வந்தார். பிளேய்ன் மலிகன் தங்கியிருந்த ஹோட்டலுக்கே சென்று, பார்த்துவிட்டுத் தருவதாகக் கூறிக் கடிதங்களை வாங்கினார். திருப்பிக் கொடுக்கவில்லை. சில நாட்களின் பின்னர் சபையில் எழுந்து, தமக்கு ஏற்ற வரிசையில், தமக்கு ஏற்ற விளக்கங்களுடன் அவற்றைத் தாமே வாசித்தார். ஆதரவாளர்கள் ஆர்ப்பரித்தார்கள். பத்திரிகையாளனுக்குரிய சாமர்த்தியம் அது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குற்றமற்றவன் நடந்துகொள்ளும் முறை அதுவல்ல என்று அன்றே பலர் எண்ணினர்.

அதே மாதம் 11 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயப் படியில் அவர் மயங்கி விழுந்தார். வெயிலின் தாக்கம் என்றார்கள். கட்சி மாநாடு தொடங்க இன்னும் மூன்று நாட்களே இருந்தன. மாநாட்டில் இங்கர்சொல் என்ற புகழ்பெற்ற பேச்சாளர் இறகு சூடிய போர்வீரன் என்று அவரை வர்ணித்து முன்மொழிந்தார். அந்தப் பட்டப்பெயர் அவர் இறக்கும்வரை அவரைத் தொடர்ந்தது. ஆயினும் ஏழாவது சுற்று வாக்கெடுப்பில் ஹேய்ஸ் என்பவர் வெற்றிபெற்றார். 1880 இலும் அவருக்கு வேட்புரிமை கிட்டவில்லை. 36 ஆவது சுற்றில் கார்ஃபீல்ட் தெரிவானார். ஜனாதிபதியான கார்ஃபீல்ட் பிளேய்னை இராஜாங்கச் செயலாளராக்கினார். 1881 ஜூலை 2 ஆம் திகதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது அருகில் நடந்துகொண்டிருந்தவர் பிளேய்ன்தான். அவ்வருட இறுதியில் பதவி விலகி, காங்கிரசில் கழித்த இருபது வருட நினைவுகளை எழுத உட்கார்ந்தார்.

1884 ஜூனில் சிக்காகோ மாநாட்டின் நான்காவது சுற்றில் வேட்புரிமை ஒருவாறு கிடைத்தது. கிடைத்த கையோடு கட்சிக்குள் பிளவும் உண்டாயிற்று. அதுவரை குடியரசுக் கட்சியைத் தாங்கிவந்த நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அவரைக் கைவிட்டது. ஹார்ப்பர்ஸ் வீக்லியும் அதன் பெயர்பெற்ற கேலிச்சித்திரக்காரர் தோமஸ் நாஸ்ற்றும் எதிர்த்தரப்புக்குச் சென்றனர். பக் என்ற நகைச்சுவை ஏட்டில் பேர்னார்ட் கில்லம் என்ற ஓவியர், உடல் முழுவதும் ஊழல்களின் பெயர் பச்சை குத்தப்பட்ட மனிதனாகப் பிளேய்னை வரைந்தார். மாநாட்டுக்கு முன்னரே தொடங்கிய அந்தச் சித்திரம் வாரந்தோறும் புதிய கோலத்தில் வந்துகொண்டிருந்தது. செப்ரெம்பரில் மலிகனிடமிருந்து மேலும் கடிதங்கள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றில், தம்மைக் குற்றமற்றவரெனக் காட்டும் கடிதமொன்றைத் தாமே எழுதி, அதனைக் கையொப்பமிட்டு அனுப்புமாறு பிளேய்ன் கேட்டிருந்தார். அக்கோரிக்கைக் கடிதத்தை எரித்துவிடும்படியும் முடிவில் எழுதியிருந்தார். ஜனநாயகக் கட்சியினரின் ஊர்வலங்களில் அந்த வேண்டுகோளே கோஷமாயிற்று.

எதிரணி வேட்பாளரும் அப்பழுக்கற்றவர் அல்லர். நியூயோர்க் ஆளுநர் குறோவர் கிளீவ்லன்ட் திருமணமாகாத நிலையில் ஒரு குழந்தைக்குத் தந்தையானவர் என்ற செய்தியை அவரது சொந்த ஊரான பஃபலோவின் பத்திரிகையொன்று ஜூலை மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. என்ன சொல்வது என்று தடுமாறிய நண்பர்களுக்கு, உண்மையைச் சொல்லுங்கள் என்ற பொருளில் அவர் தந்தி அனுப்பினார். பிளேய்னின் திருமணத்துக்கும் முதற் குழந்தையின் பிறப்புக்கும் இடையிலான மாதங்களை இன்டியானாபொலிஸ் பத்திரிகையொன்று எண்ணிக் காட்டியபோது பிளேய்ன் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். தமக்கு இரண்டு முறை திருமணச் சடங்கு நடந்ததாக விளக்கமளித்தார். விளக்கம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒருவர் ஒப்புக்கொண்டு கடந்து சென்றார், மற்றவர் எப்போதும் விளக்கிக்கொண்டேயிருந்தார் என்ற எண்ணம் வாக்காளர் மனதிற் பதிந்துவிட்டது.

அக்காலத்தில் ஜனாதிபதி வேட்பாளர்கள் ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்பது கௌரவக் குறைவாகக் கருதப்பட்டது. பிளேய்ன் அந்த மரபை மீறினார். ஏறக்குறைய ஆறு வாரங்கள் ரயிலிற் பயணித்து நூற்றுக்கணக்கான உரைகளை நிகழ்த்தினார். அவர் எதிர்பார்த்திருந்த பெரும்பேறு ஐரிஷ் கத்தோலிக்க வாக்குகள். அவை வழமையாக ஜனநாயகக் கட்சியின் கோட்டை. ஆனால் பிளேய்ன் பிரித்தானியாவை எதிர்த்துப் பேசுபவர்; தாயாரின் மதமும் இனமும் அவருக்கு உதவின; ஐரிஷ் வேர்ல்ட் என்ற செல்வாக்கு மிக்க ஏடு அவரை வெளிப்படையாக ஆதரித்தது. 36 தேர்தல் கல்லூரி வாக்குகளைக் கொண்ட நியூயோர்க்கில் அவ்வாக்குகளில் ஒரு பகுதி பெயர்ந்தாலே போதும் என்பது அவரது கணக்கு. கணக்கிற் பிழை இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை.

ஒக்டோபர் 29 ஆம் திகதி புதன்கிழமை காலை, நியூயோர்க் நகரின் ஐந்தாம் அவெனியூ ஹோட்டலில் பிளேய்னுக்கு ஆதரவு தெரிவிக்கப் புரட்டஸ்தாந்து மதபோதகர்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றுகூடினர். அவர்கள் சார்பில் வரவேற்றுப் பேசியவர் சாமுவேல் பேர்ச்சாட் என்ற எழுபத்திரண்டு வயதுப் போதகர். தாங்கள் குடியரசுக் கட்சியினர் என்றும், மதுவையும் றோமன் மதத்தையும் கிளர்ச்சியையும் முன்னோராகக் கொண்ட கட்சிக்குத் தாங்கள் போகப்போவதில்லை என்றும் அவர் கூறினார். ஆங்கிலத்தில் அம்மூன்று சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குவன. எதுகை மோனையில் மயங்கும் மேடைப் பேச்சாளர்களை நாம் அறிவோம். சொல் அழகாக விழுந்துவிட்டால் பொருளை யாரும் எடைபோடுவதில்லை. மது என்றது சாராயத் தவறணை உரிமையாளர்களை. கிளர்ச்சி என்றது உள்நாட்டு யுத்தத்தில் பிரிந்து நின்ற தென் மாநிலங்களை. நடுவில் அகப்பட்டுக்கொண்டது ஒரு மக்கள் கூட்டத்தின் மதம். குடிக்கும் தேசத்துரோகத்துக்கும் சமமாக அது நிறுத்தப்பட்டது.

பிளேய்ன் எழுந்து பதிலுரை நிகழ்த்தினார். அந்த வாசகத்தை அவர் தொடவில்லை. வாரக்கணக்கான பயணத்தினாற் களைத்துப்போய்த் தமது பேச்சைப் பற்றிய சிந்தனையில் இருந்ததால் அது காதில் விழவேயில்லை என்று சிலர் கூறுவர். விழுந்தும், திருத்தப் புகுந்தால் பெரிதாகிவிடும் என்று விட்டுவிட்டார் என்று வேறு சிலர் கூறுவர். அங்கிருந்த செய்தியாளர்களிற் பலரும் அதனைக் கவனியாமல் விட்டார்கள் என்பது கவனத்துக்குரியது. ஆனால் கிளீவ்லன்டின் பிரசாரத்தை வழிநடத்திய செனட்டர் ஆதர் கோர்மன், பிளேய்ன் செல்லுமிடமெல்லாம் ஒரு சுருக்கெழுத்தாளரை அனுப்பி வைத்திருந்தார். அவர் கொண்டுவந்த தாளில் அந்த வாசகத்தைக் கண்டதும், அது எல்லாப் பத்திரிகைகளுக்கும் போகட்டும் என்று கோர்மன் பணித்ததாக அக்காலத்தவர்கள் எழுதிவைத்துள்ளனர்.

அன்றிரவு இன்னொன்றும் நடந்தது. டெல்மொனிக்கோ என்ற ஆடம்பர உணவகத்தில் ஜே கூல்ட் முதலான கோடீஸ்வரர்கள் பிளேய்னுக்கு விருந்துபசாரம் அளித்தார்கள். அவ்வருடம் மே மாதத்தில் வங்கிகள் வீழ்ந்து தொழிலாளர்கள் வேலையிழந்திருந்த நேரம். ஒரு வருடத்துக்கு முன் ஜோசப் புலிற்சர் வாங்கியிருந்த வேர்ல்ட் பத்திரிகை மறுநாட் காலை முதற்பக்கத்தை நிறைத்து ஒரு கேலிச்சித்திரத்தை வெளியிட்டது. வேதாகமத்தில் வரும் பாபிலோன் மன்னன் பெல்ஷாத்சாரின் விருந்தாக அந்த இரவுணவைச் சித்திரித்து, பட்டினி கிடக்கும் குடும்பமொன்று மேசையருகில் கையேந்தி நிற்பதாகக் காட்டியது. புலிற்சர் அதே தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சார்பிற் காங்கிரசுக்குப் போட்டியிட்டு வென்றவர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். செய்தி எது, கட்சிப் பணி எது என்ற கோடு அன்று எவ்வளவு மெல்லியதாக இருந்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாட்கள் கழிந்தன. சனிக்கிழமை நவம்பர் முதலாம் திகதியே, நியூ ஹேவன் நகரில் வைத்து, தமது தாயார் வாழ்ந்து மறைந்த தொன்மையான மதத்தைப் பற்றித் தாம் ஒருபோதும் அவமரியாதையாகப் பேசமாட்டார் என்று பிளேய்ன் விளக்கமளித்தார். நேர்மையான விளக்கமே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து வெளியே வந்த கத்தோலிக்கர்களின் கைகளில் துண்டுப்பிரசுரங்கள் திணிக்கப்பட்டன. அவற்றுட் சிலவற்றில் பேர்ச்சாட்டின் பெயர் இல்லை. வாசகம் பிளேய்ன் வாயிலிருந்து வந்ததாகவே அச்சிடப்பட்டிருந்தது. வாக்கெடுப்புக்கு இடையில் ஒரேயொரு நாள்.

இவ்விடத்தில் எமது தொழில் சார்ந்து ஒரு கருத்தைக் கூறாமல் அப்பாற் செல்ல முடியவில்லை. பேர்ச்சாட்டின் சொற்களைப் பத்திரிகைகள் வெளியிட்டது குற்றமென்று வாதிடுவோருடன் நாம் உடன்படமாட்டோம். சில தசாப்தங்களுக்கு முன்னர்தான், 1834 இல் சாள்ஸ்டவுன் கன்னியர் மடம் எரிக்கப்பட்டது; 1844 இல் பிலடெல்பியாவில் கத்தோலிக்கத் தேவாலயங்கள் தீக்கிரையாகின; ஐரிஷ் குடியேறிகளை வெறுப்பதையே கொள்கையாகக் கொண்ட ஒரு கட்சி 1850 களில் மாநிலங்களைக் கைப்பற்றியது. அவமதிப்புக்கு உள்ளாகி வாழ்ந்த சமூகமொன்று, தன்னிடம் வாக்குக் கேட்பவர் மேடையில் தன்னைப் பற்றி என்ன பேசப்படுகின்றது என்பதை அறிந்துகொள்ள உரிமையுடையது. பெரும்பான்மையினருக்கு நாத்தவறாகத் தெரிவது சிறுபான்மையினருக்குப் பழைய புண்ணாக இருக்கும். வேட்பாளர் அதனைக் கேட்டுக்கொண்டு பேசாதிருந்தார் என்பதும் செய்திதான். ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் தலையிற் கட்டி இரவோடிரவாக அச்சடித்தது செய்தியன்று, மோசடி. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, ஊடகங்கள் பிளேய்னைத் தோற்கடித்தன என்று பொத்தாம் பொதுவாக எழுதுவது நியாயமாகாது.

முடிவுகள் உறுதியாகச் சில நாட்கள் பிடித்தன. தந்திக் கம்பனியான வெஸ்ரேர்ன் யூனியன் ஜே கூல்டின் கைவசம் இருந்தமையால், எண்ணிக்கையைத் தாமதப்படுத்தி மோசடி நடக்கின்றது என்று நியூயோர்க் வீதிகளிற் கொந்தளிப்பு ஏற்பட்டது. ஈற்றில் கிளீவ்லன்ட் 219 தேர்தல் கல்லூரி வாக்குகளும் பிளேய்ன் 182 வாக்குகளும் பெற்றனர். நாடளாவிய வாக்கில் இருவருக்குமிடையில் ஒரு வீத வேறுபாடுகூட இருக்கவில்லை. நியூயோர்க்கின் 36 வாக்குகள் இடம் மாறியிருந்தால் பிளேய்ன் 218, கிளீவ்லன்ட் 183. மாநிலத்தில் ஏறக்குறைய அறுநூறு பேர் மனம் மாறியிருந்தாற் போதும்.

அந்த அறுநூறு பேர் யார் என்பதே கேள்வி. பிளேய்ன் தமது தோல்விக்குப் பேர்ச்சாட்டையும், வாக்களிப்பு நாளன்று மாநிலத்தின் வட பகுதியிற் பெய்த மழையையும் நண்பரொருவருக்கு எழுதிய கடிதத்தில் காரணமாகக் காட்டினார். போதகரைக் கழுதையோடு ஒப்பிடவும் தவறவில்லை. வரலாற்றாசிரியர்கள் அவ்வளவு இலகுவாக ஏற்றுக்கொள்வதில்லை. மதுவிலக்குக் கட்சி வேட்பாளரான சென்ற் ஜோன் நியூயோர்க்கில் மட்டும் ஏறக்குறைய 25,000 வாக்குகளைப் பெற்றார். அவற்றிற் பெரும்பாலானவை முன்னர் குடியரசுக் கட்சிக்குச் சென்றவை. ஒனெய்டா மாவட்டத்தைக் கொங்ளிங்கின் பகை பறித்தது. மக்வம்ப் என்று கேலியாக அழைக்கப்பட்ட, கடிதங்களைக் கண்டு முகஞ்சுளித்த கட்சிக்காரர்கள் விலகி நின்றார்கள். மறுபுறத்தில், நியூயோர்க் நகரின் ஐரிஷ் வட்டாரங்களில் பிளேய்ன் அவருக்கு முந்திய குடியரசுக் கட்சி வேட்பாளர்களைவிடக் கூடுதலான வாக்குகளையே பெற்றார் என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். எனவே மூன்று சொற்கள் அவரைத் தோற்கடித்தன என்ற கதை பாதி உண்மைக்கு மேல் தேறாது.

ஆனால் 1,200 க்கும் குறைந்த வித்தியாசத்தில் எல்லாக் காரணங்களும் உண்மையாகிவிடுகின்றன என்பதையும் மறுக்க முடியாது. மழையும் போதும், வான்கோழியும் போதும். அப்படியிருக்க, பாடநூல்களும் பத்திரிகைகளும் பேர்ச்சாட்டை மட்டும் ஏன் தேர்ந்தெடுத்தன? எமது அபிப்பிராயத்தில், கடிதங்களைப் பற்றி விளக்க இரண்டு பந்திகள் வேண்டும். மூன்று சொற்களைச் சொல்ல ஒரு வரி போதும். ஊழல் பற்றிய ஐயமே பிளேய்னின் உண்மையான சுமை. எட்டு வருடங்களாகக் கேலிச்சித்திரங்கள் அந்த ஐயத்தை ஊட்டி வளர்த்திராவிட்டால், தேர்தல் அவ்வளவு நெருக்கமாக வந்திராது. நெருக்கமாக வந்திராவிட்டால் ஒரு முதிய போதகரின் மோனை யாருக்கும் நினைவிருந்திராது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 1875 டிசெம்பரில், மதப் பாடசாலைகளுக்குப் பொதுப்பணம் வழங்கப்படுவதைத் தடை செய்யும் அரசியலமைப்புத் திருத்தமொன்றைக் காங்கிரசில் முன்வைத்தவர் பிளேய்ன்தான். நடைமுறையில் அது கத்தோலிக்கப் பாடசாலைகளையே குறிவைத்தது. பிரதிநிதிகள் சபையில் 180 க்கு 7 என்ற வாக்குகளால் நிறைவேறி, செனட்டில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைக்காமல் வீழ்ந்தது. ஆயினும் பல மாநிலங்கள் தத்தமது அரசியலமைப்புகளில் அதனை ஒத்த விதிகளைச் சேர்த்துக்கொண்டன. மொன்டானா மாநிலத்தின் அத்தகைய விதி தொடர்பாக 2020 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனியார் பாடசாலைகளுக்கு உதவி வழங்கும் மாநிலமொன்று மதப் பாடசாலை என்பதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அவ்விதிகள் இன்றும் பிளேய்னின் பெயராலேயே வழங்குகின்றன. கத்தோலிக்கச் சமூகத்தை நூற்றைம்பது வருடங்களாகப் பாதித்துவரும் இந்தச் செயலுக்காக 1884 இல் அவர் தண்டிக்கப்பட்டதாக எவரும் எழுதுவதில்லை. தாம் சொல்லாத சொல்லுக்காகத் தண்டிக்கப்பட்டார் என்றே எழுதுகின்றனர்.

தோல்வியின் பின்னர் அவர் நினைவுகளின் இரண்டாம் பாகத்தை எழுதி முடித்தார். 1888 இல் மீண்டும் போட்டியிடுமாறு ஆதரவாளர்கள் வற்புறுத்தியபோது ஐரோப்பாவிலிருந்தவாறே மறுத்தார். வெற்றிபெற்ற பெஞ்சமின் ஹரிசன் அவரை மறுபடியும் இராஜாங்கச் செயலாளராக்கினார். 1889 ஒக்டோபரில் அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் முதலாவது மாநாட்டை வாஷிங்டனில் கூட்டியது அவரது வாழ்நாட் சாதனை எனலாம். பிற்காலத்தில் அமெரிக்க நாடுகளின் அமைப்பாக வளர்ந்தது அதன் வித்தே. ஆனால் வீட்டில் துயரம் அடுக்கடுக்காக வந்தது. 1890 ஜனவரியில் மூத்த மகன் வோக்கரும் பெப்ரவரியில் மகள் அலிசும் இறந்தார்கள். 1892 ஜூனில், மினியாபொலிஸ் மாநாட்டுக்கு மூன்று நாட்களே இருக்கையில், அவர் திடீரெனப் பதவி விலகினார். சில பிரதிநிதிகள் அவருக்கு வாக்களித்தார்கள். பெரும்பான்மையினர் ஹரிசனுடன் நின்றார்கள். அதே மாதத்தில் மற்றொரு மகன் எமன்சும் மறைந்தார்.

1893 ஜனவரி 27 ஆம் திகதி, அறுபத்து மூன்று வயது நிறைவதற்கு நான்கு நாட்கள் இருக்க, பிளேய்ன் வாஷிங்டனில் காலமானார். பேர்ச்சாட் 1891 இலேயே மறைந்திருந்தார். பச்சை குத்திய மனிதனை வரைந்த கில்லம், தேர்தல் முடிந்து இரண்டு வருடங்களுக்குள் குடியரசுக் கட்சி சார்பான ஜட்ஜ் ஏட்டுக்கு மாறிவிட்டார். வாஷிங்டனில் அடக்கம் செய்யப்பட்டிருந்த பிளேய்னின் உடல் 1920 இல் ஒகஸ்டாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பத்திரிகையாசிரியராக அவர் வந்து சேர்ந்த அந்த நகரில் அவர் வாழ்ந்த வீட்டை மகள் 1919 இல் மாநிலத்துக்கு அன்பளிப்புச் செய்தார். மெயின் மாநில ஆளுநர்கள் கட்சி பேதமின்றி இன்றும் அந்த வீட்டிலேயே வசிக்கின்றனர்.